மெல்ல ஊரும் நத்தைக்கு ஏன் இவ்வளவு விஷம்?

வாடைக் கடல் அடித்து ஓய்ந்த நாட்களில் முல்லைத்தீவுக் கரையில் நடந்தால் ஊரியும் மட்டியும் சோகியும் மணலில் ஒதுங்கிக் கிடக்கும். சின்னப் பிள்ளைகள் சட்டைப் பையை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார்கள். மன்னார்ப் பக்கம் நண்டு வலை கழற்றும் இடங்களில் சங்கும் வேறு பல நத்தைகளும் வலையோடு வந்து சேரும். வன்னிக் கரையோரச் சனத்துக்குக் கடல் நத்தை என்றால் விளையாட்டுக்கும் விற்பனைக்கும் உரிய பொருள். பயப்பட வேண்டிய ஒன்றாக அதை யாரும் நினைப்பதில்லை. பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஒரு குடும்பத்து நத்தைகளை மட்டும் உயிரோடு இருக்கும்போது கையால் தொடவே கூடாது. அவைதான் கூம்பு நத்தைகள்.

விஷப் பாம்பை நாம் நன்றாக அறிவோம். வயலுக்குப் போகிறவருக்குப் புடையன் எப்படி இருக்கும், விரியன் எந்த நேரத்தில் வரும் என்று சொல்லித் தர ஆட்கள் இருக்கிறார்கள். கடலடியில் இருக்கும் இந்த நத்தையைப் பற்றிச் சொல்லித் தருபவர்கள் குறைவு. அதனால்தான் இந்த அறிமுகம்.

உலகக் கடல்களில் 900-க்கும் மேற்பட்ட கூம்பு நத்தை இனங்கள் இருக்கின்றன. எல்லாமே வேட்டையாடுபவை, எல்லாவற்றுக்குமே விஷம் உண்டு. அவற்றில் ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு பேசினால் விளங்குவது இலகு. கோனஸ் டெக்ஸ்டைல் என்பது அதன் அறிவியற் பெயர். சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-இல் அதற்கு இந்தப் பெயரை இட்டார். செங்கடல் தொடங்கி ஹவாய்த் தீவுகள் வரைக்கும் பரவி வாழும் இனம் இது. இலங்கையைச் சுற்றியுள்ள கடலும் மன்னார் வளைகுடாவும் அந்தப் பரப்புக்குள்தான் வருகின்றன.

முதலில் உருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பம்பரத்தைச் சரித்துப் படுக்க வைத்தால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படி. ஒரு முனை அகன்று, அதன் மேல் சிறிய சுருள் கோபுரம் இருக்கும். மறுமுனை ஒடுங்கிப் போகும். ஓட்டின் வாய் மற்ற நத்தைகளில் போல வட்டமாக இருக்காது. அகன்ற முனையிலிருந்து ஒடுங்கிய முனை வரை ஒரு நீண்ட ஒடுங்கிய பிளவாக ஓடும். சோகிக்கும் பிளவுதான் வாய். ஆனால் சோகியின் பிளவில் இரு பக்கமும் பற்கள் போன்ற வரிகள் இருக்கும், ஓடும் முட்டை வடிவாக உருண்டிருக்கும். சங்கை எடுத்துக்கொண்டால் அதன் நடுப்பகுதி பருத்துத் தெரியும். கூம்பு நத்தையின் பக்கங்கள் நேர்கோடு போலச் சரிந்து இறங்கும். இந்த வடிவத்தை ஒருமுறை மனத்தில் பதித்துவிட்டால் போதும். நிறத்தை நம்ப வேண்டியதில்லை, ஏனென்றால் இனத்துக்கு இனம் நிறம் மாறும்.

கோனஸ் டெக்ஸ்டைல் பெரும்பாலும் 9 அல்லது 10 சென்ரிமீற்றர் நீளம் வளரும். மஞ்சளும் கபிலமும் கலந்த பின்னணியில் கபில விளிம்பு கொண்ட வெள்ளை முக்கோணங்கள் சிறிதும் பெரிதுமாக நிறைந்திருக்கும். நெய்த துணியின் நினைவு வருவதால்தான் லின்னேயஸ் அந்தப் பெயரை வைத்தார். இந்தக் கோலத்துக்குப் பின்னால் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. நத்தையின் ஓடு விளிம்பில் மட்டும்தான் வளரும். ஓட்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் கலங்கள் ஒவ்வொன்றும் நிறத்தைச் சுரப்பதா வேண்டாமா என்பதை அக்கம்பக்கத்துக் கலங்களைப் பொறுத்தே தீர்மானிப்பதாகக் கருதப்படுகிறது. வரிசைக்கு மேல் வரிசை சேரச் சேர முக்கோணங்கள் உருவாகின்றன. ஸ்டீபன் வொல்ஃப்ரம் என்ற விஞ்ஞானி 1983-இல் கணினியில் ஆராய்ந்த 'விதி 30' என்னும் மிக எளிய கணித விதியும் ஏறக்குறைய இதே கோலத்தைத்தான் வரைகிறது. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து முடிவெடு என்ற ஒரு சின்ன விதியிலிருந்து இவ்வளவு சிக்கலான அழகு பிறக்கும் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்புத்தான்.

இந்த அழகுதான் ஆபத்துக்கும் வழி. ஐரோப்பியப் பணக்காரர்கள் கூம்பு நத்தை ஓடுகளை நகை போலச் சேர்த்த காலம் ஒன்று இருந்தது. ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1650-இல் இன்னொரு கூம்பு இனமான கோனஸ் மார்மோரியஸின் ஓட்டை செப்புத் தகட்டில் கீறி அச்சிட்டார். தகட்டில் கீறியது அச்சில் இடம் வலமாக மாறும் என்பதால் அந்தப் படத்தில் ஓட்டின் சுருள் தலைகீழ்த் திசையில் சுற்றுகிறது. கையெழுத்தை மட்டும் நேராக விழும்படி கீறியிருக்கிறார். இன்றைக்கும் இந்த ஓடுகளைச் சேர்ப்பவர்கள் பலர். வெறும் ஓட்டால் எந்த ஆபத்தும் கிடையாது. உள்ளே நத்தை உயிரோடு இருக்கும்போதுதான் விஷயம் வேறு.

வேட்டை

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். நத்தை மெதுவாக நகர்வது. மீனைத் துரத்திப் பிடிக்க அதனால் முடியாது. பிடித்தாலும் இறுக்கி வைத்திருக்கக் கால்களோ கொடுக்குகளோ இல்லை. நண்டுக்குக் கொடுக்கு இருக்கிறது, கணவாய்க்குக் கைகள் இருக்கின்றன, சுறாவுக்கு வேகமும் பல்லும் இருக்கின்றன. நத்தைக்கு எதுவுமில்லை. குத்திய இரை பத்து மீற்றர் தூரம் ஓடிப் போய்ச் செத்தால், அது இன்னொருவருக்குத்தான் சாப்பாடு. ஆகவே கூம்பு நத்தைக்கு இருந்த ஒரே வழி, தொட்ட அந்தக் கணத்திலேயே இரையை அசையாமல் செய்வது. அதன் உடலமைப்பிலும் விஷத்திலும் நாம் காணும் எல்லாமே இந்த ஒரு தேவையிலிருந்து வந்தவை. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பகலில் கோனஸ் டெக்ஸ்டைல் மணலுக்குள்ளோ பவளக் கற்களுக்கு அடியிலோ புதைந்து கிடக்கும். இரவில் வெளியே வரும். அதன் தலைப் பக்கத்திலிருந்து ஒரு குழாய் நீண்டிருக்கும். மூச்சு விடுவதற்கான நீரை அதன் வழியாக உள்ளே இழுக்கிறது. அதே நீரில் கரைந்திருக்கும் இரையின் வாசனையையும் அறிந்துகொள்கிறது. கண் இருந்தாலும் வேட்டைக்கு அதைப் பெரிதாக நம்புவதில்லை.

வாசனை பிடித்து இரையை நெருங்கியதும் வாய்ப் பக்கமிருந்து துதிக்கை போன்ற இன்னொரு உறுப்பை மெல்ல நீட்டும். அதன் நுனியில்தான் ஆயுதம் இருக்கிறது. சாதாரண நத்தைகளின் வாயில் பாசியைச் சுரண்டித் தின்னப் பயன்படும் அரம் போன்ற பற்தகடு உண்டு. வீட்டு முற்றத்து நத்தை இலையை அரித்துத் தின்பதும் அதனால்தான். கூம்பு நத்தைகளில் இந்தப் பற்கள் காலப்போக்கில் தனித்தனியாகப் பிரிந்து, உள்ளே குழலும் நுனியில் முள்ளும் கொண்ட ஈட்டிகளாக மாறிவிட்டன. ஒரு பையில் பல ஈட்டிகள் வளர்ச்சியின் வெவ்வேறு கட்டங்களில் தயாராக இருக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் பயன்படும். குத்தியதும் அது போய்விடும், அடுத்தது துதிக்கை நுனிக்கு வரும்.

விஷம் சுரப்பது உடலுக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு நீண்ட குழாயில். அதன் முடிவில் தசையாலான ஒரு குமிழ் இருக்கிறது. குமிழ் சுருங்கும்போது விஷம் ஈட்டியின் குழல் வழியாக இரைக்குள் பாய்கிறது. கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. நத்தை மெதுவானது என்ற நம் எண்ணம் இந்த ஓர் இடத்தில் பொய்யாகிறது.

கோனஸ் டெக்ஸ்டைலின் இரை பெரும்பாலும் வேறு நத்தைகள். சோகிகளைத் தின்னும், சில வேளை வேறு கூம்பு நத்தைகளையும் தின்னும். நத்தை இரை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டால் எடுப்பது கஷ்டம் என்பதாலோ என்னவோ, இது ஒரே இரையை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை குத்துவதும் உண்டு. விஷம் வேலை செய்து இரையின் தசைகள் தளர்ந்த பிறகு, தன் வாயை அதன் ஓட்டுவாயில் பொருத்தி உடலை உள்ளிருந்து இழுத்துத் தின்றுவிட்டு வெறும் ஓட்டை விட்டுப் போகும்.

கூம்பு நத்தைகளில் பெரும்பான்மையானவை கடற்புழுக்களைத் தின்பவை. கோனஸ் டெக்ஸ்டைல் போல நத்தை தின்பவை அடுத்த வகை. மீன் பிடிப்பவை மூன்றாம் வகை. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் மனிதருக்கு மிகவும் ஆபத்தானவை. காரணம் எளியது. மீனும் நாமும் முதுகெலும்புள்ள விலங்குகள், நம் நரம்புகளும் மீனின் நரம்புகளும் ஒரே மாதிரியான அமைப்பைக் கொண்டவை. மீனை ஒரு நொடியில் முடக்க உருவான விஷம் நம்மிலும் வேலை செய்யும். இந்த வகையில் மோசமானது கோனஸ் ஜியோகிராபஸ். 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை வளரும், ஓடு மெல்லியது. இரவில் கல்லிடுக்கில் ஒதுங்கியிருக்கும் சிறு மீன்களை, வாயை அகல விரித்து அப்படியே மூடி உள்ளே எடுத்து, பிறகுதான் குத்துகிறது. மீன் ஏன் தப்பி ஓடாமல் நிற்கிறது என்ற கேள்விக்கு 2015-இல் ஒரு விடை கிடைத்தது. இந்த நத்தையின் விஷத்தில் இன்சுலின் இருக்கிறது! அதுவும் நத்தையின் இன்சுலின் இல்லை, மீனின் இன்சுலினை ஒத்தது. அது மீனின் இரத்தச் சீனியைச் சட்டென்று கீழே இறக்கிவிடுகிறது. சீனி இறங்கிய மீன் சோர்ந்து போய் நிற்கிறது. நீரிழிவுக்கு ஊசி போடுபவர்கள் வீட்டில் இருந்தால், சீனி அளவுக்கு மீறி இறங்கும்போது மனிதர் எப்படித் தடுமாறுவார் என்பது தெரியும். மீனுக்கும் அதே நிலைதான்.

விஷம் எப்படி வேலை செய்கிறது

விஷம் என்றவுடன் ஒரே ஒரு நஞ்சு என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு கூம்பு நத்தையின் விஷத்தில் நூற்றுக்கணக்கான வெவ்வேறு பொருட்கள் கலந்திருக்கின்றன. அவற்றைக் கோனோடொக்சின்கள் என்கிறார்கள். அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோர்க்கப்பட்டவைதான் புரதங்கள். கோனோடொக்சின்கள் அந்த வகையில் மிகக் குட்டையான சங்கிலிகள். பெரும்பாலும் 10 முதல் 30 கண்ணிகள்தான். சங்கிலியின் சில கண்ணிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்திருப்பதால் உருவம் கலையாமல் இறுக்கமாக நிற்கிறது.

இவை எங்கே போய்த் தாக்குகின்றன என்று பார்க்க, நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கையைத் தூக்க நினைக்கிறீர்கள். அந்தச் செய்தி நரம்பு வழியே மின் துடிப்பாக ஓடுகிறது. நரம்புக் கலத்தின் சுவரில் சோடியத்தை உள்ளே விடும் வாயில்கள் வரிசையாகத் திறந்து மூடுவதால்தான் அந்தத் துடிப்பு முன்னே நகர்கிறது. துடிப்பு நரம்பின் முனைக்கு வந்ததும் அங்கே கல்சியத்துக்கான வாயில்கள் திறக்கின்றன. உள்ளே புகுந்த கல்சியம், முனையில் சேர்த்து வைத்திருக்கும் ஒரு இரசாயனத்தை வெளியே கொட்டச் செய்கிறது. அந்த இரசாயனம் நரம்புக்கும் தசைக்கும் நடுவிலுள்ள மிகச் சிறிய இடைவெளியைக் கடந்து தசையிலுள்ள ஏற்பிகளில் பொருந்துகிறது. தசை சுருங்குகிறது, கை எழும்புகிறது.

இந்தப் பாதையில் எத்தனை இடங்கள் இருக்கின்றனவோ அத்தனைக்கும் கூம்பு நத்தையிடம் ஒரு பொருள் இருக்கிறது. சோடிய வாயிலை அடைப்பது ஒன்று. அதை மூட விடாமல் திறந்தபடியே வைத்திருப்பது இன்னொன்று. கல்சிய வாயிலை அடைப்பது வேறு, தசையிலுள்ள ஏற்பியில் போய்க் குந்திக்கொண்டு உண்மையான செய்தியை உள்ளே விடாமல் தடுப்பது வேறு. விஞ்ஞானிகள் இவற்றுக்குக் கிரேக்க எழுத்துகளால் பெயர் வைத்திருக்கிறார்கள்: மியூ, டெல்டா, ஒமேகா, அல்ஃபா என்று. கடைசியாகச் சொன்ன அல்ஃபா வகை தாக்கும் அதே ஏற்பியைத்தான் நாகபாம்பின் விஷமும் தாக்குகிறது. நாகம் தீண்டியவருக்கு இமை சொருகி, நாக்குக் குழறி, மூச்சு அடங்குவதை நம் ஊர்களில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கூம்பு நத்தை குத்தியவருக்கும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் நடக்கும். எந்த உறவும் இல்லாத இரண்டு விலங்குகள், ஒன்று பற்றைக்குள்ளும் ஒன்று கடலடியிலும் வாழ்ந்தபடி, ஒரே இடத்தைக் குறிபார்க்கக் கற்றிருக்கின்றன.

மீன் பிடிக்கும் பல இனங்களில் இந்தக் கூட்டு வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் வாயில்களைத் திறந்தபடி வைத்திருக்கும் பொருட்கள் ஈட்டி குத்திய இடத்து நரம்புகளை அளவுக்கு மீறித் தூண்டிவிடுகின்றன. மீனின் உடல் முழுவதும் வலிப்பு வந்தது போல விறைத்துப் போகிறது. ஓட முடியாது. அதற்குள் மற்றப் பொருட்கள் இரத்தத்தோடு பரவி நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பை அறுத்துவிட, விறைத்த உடல் தளர்ந்து போகிறது. நத்தையிடம் வேகம் இல்லாத குறை இப்படித் தீர்கிறது.

கோனஸ் டெக்ஸ்டைலின் விஷத்தில் உள்ள ஒரு பொருள் ஆராய்ச்சியாளர்களை மிகவும் ஆச்சரியப்படுத்தியது. அதைச் சிங்கி இறாலுக்கு ஊசியால் ஏற்றிப் பார்த்தபோது, பணிந்து கிடந்த இறால் மற்றவற்றை அடக்கியாளும் பெரிய இறால் போல நிமிர்ந்து நிற்கத் தொடங்கியது. அதனால் அதற்குக் கிங் கொங் என்றே பெயர் வைத்தார்கள். அதே பொருள் முதுகெலும்புள்ள விலங்குகளில் எந்தத் தீங்கும் செய்வதில்லை. யாருடைய நரம்புக்கு எது பொருந்தும் என்பதில் இந்த விஷங்கள் அவ்வளவு குறிப்பானவை. இந்தக் குறிதவறாமையைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், மருந்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

2014-இல் வெளியான இன்னொரு ஆய்வும் நமக்கு முக்கியம். கூம்பு நத்தை இரையைப் பிடிக்க ஒரு விஷக் கலவையையும் தன்னைக் காக்க வேறொரு விஷக் கலவையையும் பயன்படுத்துகிறது. இரண்டும் ஒரே விஷக் குழாயின் வெவ்வேறு பகுதிகளில் சுரக்கின்றன. கோனஸ் ஜியோகிராபஸில், தற்காப்புக்கான கலவையில்தான் தசையை முடக்கும் பொருட்கள் அதிகம். நாம் அதைக் கையில் எடுக்கும்போது அது நம்மை இரையாக நினைப்பதில்லை, எதிரியாக நினைக்கிறது. ஆகவே நமக்குக் கிடைப்பது அந்தத் தற்காப்பு விஷம்.

மனிதருக்கு நடப்பது

கூம்பு நத்தை குத்தி மனிதர் இறந்ததை முதலில் எழுதி வைத்தவர் ரும்ஃபியுஸ் என்ற இயற்கையியலாளர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வேலை செய்தவர். மன்னாரை 1658-இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, முத்துக் குளிப்பை நடத்தியதும் இதே கம்பனிதான். அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1705-இல் வெளிவந்தது. பண்டா தீவில் ஓர் அடிமைப் பெண் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது இந்த நத்தையைக் கையில் எடுத்தாள். கரைக்கு நடந்து வரும்போது கையில் இலேசாக அரித்தது. அரிப்பு மெல்லக் கை முழுவதும் ஏறி, உடல் முழுவதும் பரவி, அவள் இறந்துபோனாள் என்று அவர் எழுதியிருக்கிறார். கரைவலை இழுக்கும் ஊர்களில் இருப்பவர்கள் இதைப் படிக்கும்போது, அந்தப் பெண் நின்ற இடம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டிய தேவையே இல்லை.

1935-இல் அவுஸ்திரேலியாவின் ஹேமன் தீவில் ஓர் இளைஞர் கோனஸ் ஜியோகிராபஸை உள்ளங்கையில் வைத்துக் கத்தியால் ஓட்டைச் சுரண்டினார். குத்து வாங்கி, சில மணி நேரத்தில் உயிரிழந்தார். இதுவரை உலகில் 30-க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஜியோகிராபஸ்தான். டெக்ஸ்டைலும் ஆபத்தானவற்றின் பட்டியலில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. பாம்புக் கடியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கை. நத்தை தேடி வந்து குத்துவதில்லை, நாம் எடுத்தால்தான் குத்தும். எனவே கடலில் இறங்கவே பயப்படத் தேவையில்லை. எடுக்காமல் இருந்தால் போதும்.

குத்திய இடத்தில் சிலருக்குக் குளவி கொட்டியது போல வலிக்கும். சிலருக்கு வலியே தெரியாது. வலி இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கோனஸ் ஜியோகிராபஸ் குத்தும்போது வலி பெரும்பாலும் குறைவுதான். பிறகு அந்த இடம் மரத்துப் போகும், உதடும் நாக்கும் மரக்கும், பார்வை இரட்டையாகும், இமை தொங்கும், விழுங்கவும் பேசவும் கஷ்டமாகும், கைகால் பலம் குறையும். கடைசியில் மூச்சு விடும் தசைகள் நின்றுபோகும். சாவு அதனால்தான் வருகிறது.

பாம்புக்கு இருப்பது போல இதற்கு விஷமுறிவு மருந்து உலகில் எங்கும் இல்லை. ஆனால் ஒரு பெரிய நம்பிக்கை இருக்கிறது: விஷம் தசையை அழிப்பதில்லை, தடுத்து மட்டும் வைக்கிறது. உடல் அதை வெளியேற்றும் வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்றினால் மனிதர் பிழைத்துக்கொள்வார். ஆகவே நேரம்தான் எல்லாம். குத்துப்பட்டவரை உடனே தண்ணீரிலிருந்து வெளியே எடுங்கள். கடலுக்குள் கைகால் மரத்தால் மூழ்கிவிடுவார். அசையாமல் படுக்க வைத்து, குத்திய கை அல்லது கால் முழுவதையும் அகலமான பண்டேஜால், சுளுக்குக்குக் கட்டும் அளவு இறுக்கத்தில் சுற்றி, தடி ஒன்றை வைத்து அசையாமல் கட்டுங்கள். இரத்த ஓட்டத்தை நிறுத்துமளவு கயிறு போட்டு இறுக்க வேண்டாம். கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் என எது கிட்டவோ அந்த மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், கைவிடக் கூடாது. வைத்தியரிடம் கூம்பு வடிவ நத்தை குத்தியது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

தோணியிலும் கரையிலும் வேலை செய்கிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒடுங்கிய முனையிலிருந்துதான் துதிக்கை வரும், அகன்ற முனையைப் பிடித்தால் பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. துதிக்கை ஓட்டின் பெரும் பகுதியை எட்டக் கூடியது. கையுறையையும் துணிப்பையையும் ஈட்டி துளைக்கலாம், ஆகவே காற்சட்டைப் பையில் போட்டுக்கொள்வது மிக ஆபத்து. வலையில் வந்தால் தடியாலோ சவளாலோ தட்டி அப்புறப்படுத்திக் கடலிலேயே விட்டுவிடுங்கள். இரவில் வெளிச்சம் பிடித்துக் கடலட்டை பொறுக்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கூம்பு நத்தை வெளியே வரும் நேரமும் அதுதான். பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டி வடிவத்தைச் சொல்லிக் கொடுங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குத் தீர்த்தம் எடுக்கும் சிலாவத்தைக் கரையில் ஊரி பொறுக்கும் பிள்ளைகளைத் தடுக்கச் சொல்லவில்லை. வறண்ட மணலில் வெறுமையாகக் கிடக்கும் ஓட்டை எடுக்கட்டும். தண்ணீருக்குள் இருப்பதை, உள்ளே சதை தெரிவதை எடுக்க வேண்டாம்.

அதே விஷத்திலிருந்து மருந்து

பல்டோமெரோ ஒலிவேரா பிலிப்பைன்ஸில் பிறந்த விஞ்ஞானி. சிறு வயதிலேயே கடற்கரையில் இந்த ஓடுகளைச் சேர்த்தவர். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வுகூடம் கூம்பு நத்தை விஷத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்து அங்கே வந்த மைக்கல் மெக்கின்டொஷ் என்ற மாணவர் கோனஸ் மேகஸ் என்ற மீன் பிடிக்கும் இனத்தின் விஷத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 25 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தச் சங்கிலி, நாம் மேலே பார்த்த கல்சிய வாயில்களில் ஒரே ஒரு வகையை மட்டும் அடைக்கிறது. அந்த வகை வாயில், வலிச் செய்தியை முதுகுத் தண்டுக்குள் ஒப்படைக்கும் நரம்பு முனைகளில் நிறைய இருக்கிறது. அடைத்தால் வலிச் செய்தி மூளைக்குப் போவதில்லை.

அதையே ஆய்வுகூடத்தில் செயற்கையாகச் செய்து சிகோனோடைட் என்ற மருந்தாக்கினார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. பிரியால்ட் என்ற பெயரில் விற்கப்படுகிறது. மோர்ஃபினை நீண்ட நாள் பாவித்தால் உடல் பழகிப்போய் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும், அடிமைப்படுத்தவும் செய்யும். சிகோனோடைட் அப்படிச் செய்வதில்லை. ஆனால் மாத்திரையாக விழுங்க முடியாது. உடலுக்குள் சிறிய பம்பு ஒன்றை வைத்து, முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள நீருக்குள் நேரடியாகச் செலுத்த வேண்டும். தலைசுற்றல், மனக்குழப்பம் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. அதனால் வேறு எதற்கும் அடங்காத கடும் வலிக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள்.

நரம்பு வலி என்றால் என்ன என்று வன்னியில் விளக்க வேண்டியதில்லை. உடலுக்குள் எறிகணைத் துண்டுகளோடும், இல்லாத காலில் எழும் வலியோடும் 2009-இல் முடிந்த போருக்குப் பிறகு வாழ்கிறவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். வலிச் செய்தியை மட்டும் மறித்து மற்றதையெல்லாம் விட்டுவைக்கும் பொருள் ஒன்று மிக மெதுவான ஒரு விலங்கின் வாயில் இருந்தது என்பதை அறியும்போது, ஆராய்ச்சி என்பது எவ்வளவு நெருக்கமான விஷயம் என்று எனக்குத் தோன்றும். இன்னும் இலகுவாகக் கொடுக்கக் கூடிய வலிமருந்துகளை வேறு கோனோடொக்சின்களிலிருந்து உருவாக்கும் முயற்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன.

கோனஸ் ஜியோகிராபஸின் இன்சுலினும் இதே வழியில்தான் போகிறது. நம் உடலின் இன்சுலின் ஆறு ஆறாகச் சேர்ந்து சேமிக்கப்படுகிறது. பிரிந்து தனித்தனியான பிறகுதான் வேலை செய்யும். ஊசியில் போடும் இன்சுலின் வேலை தொடங்கச் சற்று நேரம் எடுப்பதற்கு இது ஒரு காரணம். நத்தைக்குக் காத்திருக்க நேரமில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள உதவும் அந்தச் சங்கிலித் துண்டே நத்தையின் இன்சுலினில் கிடையாது. போன உடனே வேலை செய்கிறது. அந்த அமைப்பைப் பார்த்து மனிதருக்கு வேகமான இன்சுலின் ஒன்றை வடிவமைக்க ஆராய்ச்சியாளர்கள் முயல்கிறார்கள்.

நூற்றுக்கணக்கான இனங்கள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான பொருட்கள். இவற்றில் மிகச் சிறு பகுதியைத்தான் இதுவரை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கோனஸ் டெக்ஸ்டைல் இப்போதைக்கு அருகி வரும் இனமல்ல. ஆனால் அது வாழ்வதற்கு மணலும் பவளப் பாரும் குலையாமல் இருக்க வேண்டும். முட்டைகளைக் கற்களின் அடியில்தான் கூடு கூடாக ஒட்டி வைக்கிறது. பாக்கு நீரிணையில் இழுவைமடிப் படகுகள் கடலடியை வாரிக்கொண்டு போவதைப் பற்றி நம் கடற்றொழிலாளர் பல வருடங்களாகப் பேசி வருகிறார்கள். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. வாரப்படும் அந்த மணலுக்குள் மீன் குஞ்சோடும் இறாலோடும் இந்த நத்தைகளும் இருக்கின்றன.